ஃபர்ம்வேரை மாற்றும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

(காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம். இடையில் எழுந்த கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களும் அந்தந்த இடத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. – செய்திமடல் குழு)

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் முதல் இரண்டு நிமிடம் மன்னிப்புக் கேட்க.

போன மாதம் பி பிளாக்கில் ஒன்றரை நாள் தண்ணீர் இல்லாமல் போனதற்கு மாநகராட்சி காரணமில்லை, மின்வாரியமும் காரணமில்லை. நான்தான் காரணம். என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு லிஃப்ட்டில் கேட்ட கதை மட்டும் தெரியும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நம்ம சம்ப் மோட்டாருக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வைஃபை சுவிட்ச் போட்டோம். போனில் ஒரு செயலி, அதில் காலை ஐந்தரைக்கு ஆன், ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஆஃப். அழகாக ஓடியது. ஒருநாள் செயலியைத் திறந்தால் 'சர்வரோடு தொடர்பு இல்லை' என்று வந்தது. மறுநாளும் அதேதான். விற்ற நிறுவனம் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டது. சுவிட்ச் நம் சுவரில் இருக்கிறது, மோட்டார் நம் சம்பில் இருக்கிறது, வைஃபை நம்முடையது. ஆனால் 'ஆன்' என்று நாம் தட்டும் கட்டளை எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் ரிலே அசையும். அந்த சர்வரை அணைத்துவிட்டால் நம் கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் டப்பா.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. 2016 மே மாதம் ரிவால்வ் என்ற வீட்டு ஹப்பை, அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் ஒரேயடியாக நிறுத்தியது. வாங்கியவர்கள் வீட்டில் அது வெறும் டப்பாவாகக் கிடந்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுபோயின. பிறகு அதைப் பயன்படுத்தியவர்களிலேயே சிலர் சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மறுபடி ஓடவைத்தார்கள். நம்மால் அப்படி வாங்க முடியாது. சங்கத்தின் வங்கிக் கணக்கு பொருளாளருக்குத் தெரியும்.

அப்போதுதான் நான் முன்வந்து, "புதிது வாங்க வேண்டாம், இதையே ஃப்ளாஷ் பண்ணித் தருகிறேன்" என்றேன். பண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டாஸ்மோட்டா என்ற கட்டற்ற ஃபர்ம்வேரை ஏற்றி, போனிலிருந்து ஆன் ஆஃப் பண்ணிக் காட்டினேன். கைதட்டினீர்கள். அன்றைக்கு ராத்திரி மோட்டார் ஓடத் தொடங்கியது, நிற்கவேயில்லை. என் போனில் 'ஆஃப்' என்றுதான் காட்டியது. மேலே தொட்டி நிறைந்து, வல்லநாட்டிலிருந்து வந்த தாமிரபரணித் தண்ணீர் மொட்டை மாடி வழியாக வடிகாலுக்குப் போனது. சம்ப் காலியான பிறகும் மோட்டார் வெறுமனே சுற்றியது. அதிகாலை இரண்டு மணிக்கு வாட்ச்மேன் அண்ணாச்சி சத்தம் மாறியதைக் கேட்டு எம்சிபியை இறக்கினார். அதற்குள் மோட்டாரின் சீல் போய்விட்டது. தொட்டித் தண்ணீர் மதியத்தோடு தீர்ந்தது. நான்காவது மாடியில் படுக்கையில் இருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் குடம் குடமாகத் தூக்கியது. மன்னிக்க வேண்டும்.

மறுநாள் சுவிட்சைக் கழற்றிப் பிரித்தேன். ஃபர்ம்வேரில் ஒரு குறையும் இல்லை. ரிலேயின் தொடுமுனைகள் இரண்டும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. சுருள் விட்டுவிட்டது, முனை விடவில்லை. அந்த ரிலே ஒருநாளில் ஒட்டியிருக்காது, மாதக்கணக்கில் தீப்பொறி தின்று வந்திருக்கும். ஃப்ளாஷ் பண்ண மூடியைக் கழற்றியபோது அந்த ரிலே என் கண் முன்னால்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. வயரைச் செருகுவதிலேயே கவனமாக இருந்தேன். முப்பது வருடம் கப்பலில் எலக்ட்ரிகல் வேலை பார்த்தவன் செய்யக்கூடிய தவறில்லை இது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஸ்மார்ட் சாதனம் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் அதற்கு மூளைக்கோளாறும் இருக்கலாம், உடம்புக்கோளாறும் இருக்கலாம். மூளையை மாற்றுவதால் உடம்பு சரியாகாது. நம் ஊரில் உடம்புக்கோளாறுதான் அதிகம். இந்தக் காரியத்துக்குப் பிறகு உங்களில் பலர் வீட்டில் கிடந்ததைக் கொண்டுவந்து தந்தீர்கள். பதினொன்று வந்தன. நான்குதான் ஃபர்ம்வேர் மாற்ற வேண்டியவை. இரண்டில் எந்தக் கோளாறும் இல்லை, வீட்டில் புது ரவுட்டர் மாட்டியபோது வைஃபை பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மீதி ஐந்தும் உள்ளே கெட்டுப்போனவை.

அதனால் எதையும் பிரிக்கும் முன்னால் ரவுட்டரைப் பாருங்கள். இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். புது ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் முதல்முறை இணைக்கும்போது சில சாதனங்கள் திணறும். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு இரண்டையும் புது ரவுட்டரில் அப்படியே வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

இனி உடம்புக்கு வருகிறேன். நம் மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள். இரண்டுக்கும் நடுவில் நாம். கடல்காற்றில் வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. சுவிட்ச் பெட்டிக்குள், போர்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்துவைத்தால் மழைக்காலத்தில் என்ன ஆகிறது? அதேதான் உங்கள் சுவிட்ச் போர்டுக்குள்ளும் நடக்கிறது. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு செப்புத் தடங்களுக்கு நடுவே ஒரு கள்ளப்பாதை உண்டாகும். கண்ணாடி டச் சுவிட்ச் ராத்திரியில் யாரும் தொடாமலே எரிகிறது என்று சி பிளாக்கில் ஒரு மதினி பயந்துபோய்ச் சொன்னார்கள். பேயும் இல்லை, யாரும் ஹேக் பண்ணவும் இல்லை. பால்கனி ஓரத்துச் சுவிட்ச் அது, கொண்டல் காற்று நேராக அடிக்கும் சுவர். பிரித்துத் துடைத்தேன், நின்றுவிட்டது.

துடைக்கத் தண்ணீரோ, பெட்ரோலோ, வாசனைத் திரவமோ வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்றால் தெரியும். பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு ஏறிய இடத்தில் மெதுவாகத் தேய்த்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட வேண்டும். அது எளிதில் தீப்பிடிக்கும் திரவம், அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள். களிம்பு செப்புத் தடத்தையே அரித்துவிட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை. துடைத்துக் காய்ந்த பிறகு போர்டுகளுக்குப் பூசும் காப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் நம் ஊருக்கு நல்லது. ரிலே, பட்டன், கனெக்டர் இவற்றின் மேல் மட்டும் அது படக்கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அந்த வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் பிளக்குகள் நனைந்தன. காயவைத்து மாட்டினோம், ஓடின. 'பரவாயில்லை, தப்பித்தது' என்றோம். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகச் செத்தன. வெள்ளத்தில் மூழ்கிய பிளக், சுவிட்ச் எதையாவது இன்னும் யாராவது மாட்டிவைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அதை ஃப்ளாஷ் செய்யவும் நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது கெப்பாசிட்டர். இந்தச் சாதனங்களுக்குள் 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி, அதை 3.3 வோல்ட்டாக்கும் சிறிய பவர் சப்ளை இருக்கிறது. வைஃபை சிப் செய்தி அனுப்பும் கணத்தில் திடீரென்று நிறைய மின்னோட்டம் கேட்கும். அந்தக் கணத்தைத் தாங்கிப் பிடிப்பது உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். வெப்பத்தில் அது உள்ளே உலர்ந்துபோகும். தலை உப்பியிருந்தால் கண்ணிலேயே தெரியும், உப்பாமலும் போகும். அறிகுறி என்ன? சாதனம் சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கும், ரிலே 'டிக்' என்றவுடன் அணைந்து மறுபடி உயிர்பெறும். அல்லது வைஃபையில் சேரும், விடும், சேரும், விடும். பார்ப்பவர்களுக்கு இது அப்படியே சாஃப்ட்வேர் கோளாறு மாதிரி இருக்கும். என் வீட்டு வரவேற்பறைச் சுவிட்சை இப்படித்தான் மூன்று தடவை ஃப்ளாஷ் செய்தேன். மூன்று தடவையும் அதே கதை. கடைசியில் மல்டிமீட்டரை வைத்தால் 3.3 இருக்க வேண்டிய இடத்தில் ரிலே இழுக்கும்போது 2.6க்கு விழுகிறது. டீ விலைக்கு ஒரு கெப்பாசிட்டர் வாங்கிப் போட்டேன். இரண்டு வருடமாக ஓடுகிறது.

மூன்றாவது, மிக முக்கியமானது, சூடு. சுவிட்சில் '10 ஆம்பியர்' என்று அச்சடித்திருப்பது வெறும் வெப்பச்சுருள் போன்ற சாதுவான சுமைக்கு. மோட்டார் புறப்படும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ரிலே முனை ஒட்டுவது அதனால்தான். நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது, இப்போது செய்திருப்பது என்னவென்றால், சின்ன சுவிட்ச் ஒரு கான்டாக்டரின் சுருளை மட்டும் இழுக்கும், மோட்டாரின் மின்னோட்டம் கான்டாக்டரின் தடித்த முனைகள் வழியாகப் போகும். சுருளை விடும்போது எழும் மின்னதிர்ச்சி வைஃபை சிப்பை ரீசெட் செய்யாமல் இருக்கக் குறுக்கே ஒரு ஸ்னப்பர்.

கீசருக்கும் இதே கணக்குதான். 3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் எடுக்கும். அதை 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டியிருந்த வீடு ஒன்று நம் குடியிருப்பிலேயே இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். 'ஆப்பில் ஆஃப்லைன் காட்டுகிறது, ஃப்ளாஷ் பண்ணித் தாருங்கள்' என்று கொண்டுவந்தார்கள். பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் காப்பி நிறத்தில் பொரிந்திருந்தது. வீட்டுக்குப் போனவுடன் நீங்கள் எல்லோரும் செய்யவேண்டிய ஒரே வேலை இது: அரைமணி நேரம் ஓடிய பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். பின் கைபொறுக்காத சூடாக இருந்தாலோ, பழுப்பு நிறம் தெரிந்தாலோ அதைக் குப்பையில் போடுங்கள். சாதனத்தை மட்டுமல்ல, சுவரில் உள்ள சாக்கெட்டையும் மாற்றுங்கள். சூடு இரண்டு பக்கமும் தின்றிருக்கும்.

சரி, உடம்பு நன்றாக இருக்கிறது, சர்வர்தான் செத்துவிட்டது. அப்போது ஃப்ளாஷ் செய்யலாம். அது என்ன வித்தை என்று இளைஞர்கள் கேட்டார்கள், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

2014 வாக்கில் சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் ஈஎஸ்பி8266 என்ற மலிவான வைஃபை சிப்பைக் கொண்டுவந்தது. உலகம் முழுவதும் ஸ்மார்ட் பிளக், சுவிட்ச், பல்பு என்று எதைத் திறந்தாலும் அதுவே உள்ளே இருந்த ஒரு காலம். நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ ஆரண்ட்ஸ் என்பவர் தம் சோனாஃப் சுவிட்சுகள் வெளி சர்வர் இல்லாமல் ஓட வேண்டும் என்று எழுதத் தொடங்கியதுதான் டாஸ்மோட்டா. தியோ, ஆரண்ட்ஸ், சோனாஃப் என்று தொடங்கும் சொற்களின் தலையெழுத்துகளைச் சேர்த்ததுதான் அந்தப் பெயரே. ஈஎஸ்பிஹோம் என்பது இன்னொன்று, ஹோம் அசிஸ்டென்ட் வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. இரண்டும் இலவசம், மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ரவுட்டர்களில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்று இருபது வருடத்துக்கு முன்னாலேயே தொடங்கிய பழக்கம்தான் இப்போது சுவிட்சுக்கும் பல்புக்கும் வந்திருக்கிறது.

முதல் கேள்வி, உங்கள் சாதனத்தில் எந்தச் சிப் இருக்கிறது? எல்லாவற்றிலும் ஈஎஸ்பி இல்லை. பிறகு வந்த பல மலிவுச் சாதனங்களில் பெக்கன் என்ற வேறு நிறுவனத்தின் சிப் இருக்கிறது. டாஸ்மோட்டா அதில் ஓடாது, ஓப்பன்பெக்கன் போன்ற வேறு ஃபர்ம்வேர் வேண்டும். வெளியே ஒரே பெட்டி, ஒரே மாடல் எண், உள்ளே வேறு சிப் என்பதும் உண்டு. அதனால் பக்கத்து வீட்டில் வேலை செய்தது என்பதற்காக உங்களுடையதும் செய்யும் என்று நினைக்காதீர்கள். திறந்து, சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். வாரன்டி காலம் இருந்தால் திறக்கவே வேண்டாம், கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

இரண்டாவதாகச் சொல்வதை மூன்று தடவை சொல்லச் சொன்னாலும் சொல்வேன். ஃப்ளாஷ் செய்யும்போது சாதனம் மெயின்ஸில் இருக்கக்கூடாது. சுவரிலிருந்து முழுவதும் கழற்றி, மேஜையில் வைத்துச் செய்ய வேண்டும். போர்டில் 'கிரவுண்ட்' என்று எழுதியிருக்கும், ஆனால் மின் அளவு காட்டும் பிளக்குகளில் அந்தக் கிரவுண்ட் பல சமயம் மெயின்ஸோடு நேரடித் தொடுப்பில் இருக்கும். அதில் யுஎஸ்பி வயரைச் செருகினால் லேப்டாப்பும் போகும், வயரைப் பிடித்த கையும் போகும். முத்துக்குளியில் மேலே கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று நம் கரையில் சொல்வது வழக்கம், தங்கையை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று. நீங்கள் போர்டைத் திறந்து வேலை செய்யும்போதும் அறையில் இன்னொருவர் இருக்கட்டும். எந்த எம்சிபியை இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

பிறகு யுஎஸ்பி–சீரியல் அடாப்டர் ஒன்று. அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று தேர்வு இருக்கும். 3.3இல் வைக்க வேண்டும். 5இல் வைத்தால் சிப் போய்விடும், நான் ஒன்றைக் கொன்றிருக்கிறேன். நான்கு வயர்: 3.3 வோல்ட், கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ். கடைசி இரண்டும் குறுக்காகப் போகும், இங்கே டிஎக்ஸ் என்றால் அங்கே ஆர்எக்ஸ். ஜிபிஐஓ 0 என்ற முனையைக் கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்தபடி பவர் கொடுத்தால்தான் சிப் புது ஃபர்ம்வேரை ஏற்கும் நிலைக்கு வரும். சோனாஃப் பேசிக்கில் இதற்கு வயர்கூட வேண்டாம், அதன் பட்டனே அந்த முனையில்தான் இருக்கிறது, அழுத்திக்கொண்டே பவர் கொடுத்தால் போதும்.

புதிதை ஏற்றும் முன் பழையதைப் பிரதியெடுத்து வையுங்கள். ஈஎஸ்பிடூல் என்ற கருவி அதைச் செய்யும். அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போனவர்கள் பிறகு வருந்துவார்கள். பிறகு குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் டாஸ்மோட்டாவின் இணைய நிறுவியைத் திறந்தால் அதுவே ஏற்றிவிடும். ஏறிய பிறகு சாதனம் தானே ஒரு வைஃபையாகத் தோன்றும், அதில் சேர்ந்து 192.168.4.1 என்ற முகவரியைத் திறந்து வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். வைஃபை பாஸ்வேர்டில் ஒரு எழுத்துப் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்துதான். பிறகு உங்கள் மாடலுக்குரிய டெம்பிளேட். அது தவறாக இருந்தால் பட்டனை அழுத்த விளக்கு எரியும், ரிலே அசையாது. அதைப் பார்த்து 'ரிலே போய்விட்டது' என்று முடிவுகட்டாதீர்கள்.

இன்னொரு பயம் பலருக்கு வரும். சீரியல் திரையில் முதல் இரண்டு வரி கோழி கிளறியது மாதிரி வரும். சிப் போய்விட்டதோ என்று பதறுவார்கள். ஈஎஸ்பி8266 எழும்போது முதலில் 74880 வேகத்தில் பேசும், பிறகுதான் டாஸ்மோட்டா 115200இல் பேசும். திரையை 115200இல் வைத்திருந்தால் தொடக்கம் குப்பையாகத்தான் தெரியும். அந்தக் குப்பை உண்மையில் நல்ல சேதி, சிப் உயிரோடு இருக்கிறது. எதுவுமே வரவில்லை என்றால்தான் கவலை. அப்போது மீட்டரை எடுத்து 3.3 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள், வயரை மாற்றிச் செருகிப் பாருங்கள்.

ஃபர்ம்வேர் ஏறியவுடன் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. நம் ஊர்க் கரண்டுக்கு ஏற்ற சில அமைப்புகள் உண்டு. மூன்றும் ஆங்கிலத்தில் இடைவெளியில்லாத ஒற்றைச் சொல்லாகக் கட்டளைத் திரையில் தட்ட வேண்டியவை.

பவர்ஆன்ஸ்டேட் என்பது கரண்ட் போய் வந்தால் ரிலே எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது. மாற்றாமல் விட்டால் கடைசியாக இருந்த நிலைக்கே போகும். மோட்டார் ஓடும்போது கரண்ட் போய், நடுராத்திரி வந்தால் மோட்டாரும் தானே ஓடும். மோட்டாருக்கு 0 கொடுத்திருக்கிறேன், கரண்ட் வந்தால் அணைந்தே இருக்கும். பல்ஸ்டைம் என்பது தானாக அணையும் நேரம். வினாடியோடு 100 கூட்டிக் கொடுக்க வேண்டும். 25 நிமிடம் என்றால் 1500 வினாடி, ஆக 1600. யார் எப்போது ஆன் செய்தாலும் 25 நிமிடத்தில் சுருள் விட்டுவிடும். வைஃபை இல்லாவிட்டாலும், ரவுட்டர் செத்தாலும் இது நடக்கும், ஏனென்றால் கணக்குப் பார்ப்பது சுவிட்சுக்குள்ளேயே இருக்கும் சிப்.

மூன்றாவது செட்ஆப்ஷன்65. டாஸ்மோட்டாவில் ஒரு வசதி: வேகவேகமாக ஆறு தடவை பவரை அணைத்துப் போட்டு ஏழாவது தடவை விட்டுவிட்டால் சாதனம் எல்லாவற்றையும் மறந்து புதிதாகப் பிறக்கும். பாஸ்வேர்டு மறந்தவருக்கு நல்லதுதான். ஆனால் அதை எழுதியவர்கள் நம் ஊரில் மழைக்காலத்துச் சாயங்காலம் கரண்ட் வந்து, போய், வந்து, போய்க் கண் சிமிட்டுவதைப் பார்த்ததில்லை போலும். ஏ பிளாக் மாடிப்படி விளக்குகள் இரண்டு தடவை 'தானாக' ரீசெட் ஆனதற்கு இதுதான் காரணம். 1 கொடுத்தால் அந்த வசதி அணைந்துவிடும். ஆனால் பாஸ்வேர்டை எழுதி வைத்தால் மட்டும் அணையுங்கள்.

எழுதி வைப்பது பற்றிப் பொருளாளர் கேட்டார்: "நாளைக்கு நீங்கள் மகன் வீட்டுக்குச் சென்னை போய்விட்டால் இதை யார் பார்ப்பது?" நியாயமான கேள்வி. கம்பெனி சர்வர் போய், நான் ஒரு சர்வர் ஆகிவிட்டால் என்ன லாபம்? வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பொதுச் சாதனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: எங்கே இருக்கிறது, என்ன சிப், ஐபி முகவரி, கொடுத்த கட்டளைகள், எந்த எம்சிபி. பாஸ்வேர்டு மட்டும் மூடிய உறையில் செயலாளரிடம். அமைப்புகளின் பிரதி ஒரு பென்டிரைவில். எதையும் இணையத்துக்குத் திறந்துவிடவில்லை, நம் வைஃபைக்குள் இருந்தால் மட்டும் எட்டும். சென்னையிலிருந்து மோட்டாரைப் போட வேண்டும் என்று யாருக்கும் அவசியமில்லை.

அதோடு, மோட்டாருக்கு இப்போது சிப் எதுவும் இல்லாத பாதுகாப்பு இரண்டு இருக்கிறது. மேல் தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச், சம்பில் ஒன்று. இரண்டும் கான்டாக்டர் சுருளின் வயரிலேயே தொடராகப் போகின்றன. தொட்டி நிறைந்தாலோ சம்ப் வற்றினாலோ டாஸ்மோட்டா என்ன சொன்னாலும் மோட்டார் நிற்கும். கான்டாக்டரே ஒட்டிக்கொண்டால்? அப்போது வாட்ச்மேன் அண்ணாச்சியும் எம்சிபியும்தான். எம்சிபியின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் 'மோட்டார்' என்று எழுதியாயிற்று.

இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளுக்கு: கணியம் இதழ் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தமிழில் கூட்டங்கள் நடத்துகிறது. கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நானும் இந்த வயதில் கேட்டுத்தான் படித்தேன்.

சரியான சிப்பும் நல்ல உடம்பும் உள்ள நான்கு சாதனங்கள் மேஜையில் இருக்கின்றன, உரியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். கெட்டுப்போன ஐந்தில் மூன்றைச் சரிசெய்துவிட்டேன். கீசர் பிளக்கையும், உருகிய ரிலே உள்ள நம் பழைய மோட்டார் சுவிட்சையும் சரிசெய்யவில்லை, செய்யவும் மாட்டேன். இரண்டையும் மூடி கழற்றி வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள். இனி கொண்டுவருபவர்கள் அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இதே அறைக்கு வாருங்கள். சுவரிலிருந்து கழற்றும் முன் வயர்கள் எப்படி இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும். கழற்றத் தெரியாதவர்கள் கழற்ற வேண்டாம், சொல்லுங்கள், நானே வருகிறேன். சீல் மாற்றிய செலவு என்னுடையது, பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.